அரங்கேற்றமும் அங்காடியும்

“முன்னூறு படியையும் நானே எடுத்துக்கொள்கிறேன், தம்பி! மகள் திருமணத்தில் தாம்பூலப் பையோடு ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். முதல் பக்கத்தில் என் படம் இருக்கட்டும். கூலியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த இயல் மட்டும் வேண்டாம். வேறு என்ன நான் கேட்கிறேன்?”

பாளையம்பட்டியில் வசதி படைத்த ஒருவர், தம் வீட்டுத் திண்ணையில் நம்மை அமர்த்தி, மோர் கொடுத்து, மொழிந்த சொற்கள் இவை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தொல்லை! அதட்டியிருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்போம்.

நாம் எழுதியது காப்பியமன்று. பள்ளியில் பாடம் நடத்திய நேரம் போக, நான்கு ஆண்டு மாலைப்பொழுதுகளில், பாளையம்பட்டியிலும் அருப்புக்கோட்டைத் தெருக்களிலும் தறிக்குழியின் ஓரம் அமர்ந்து, நெசவாளர் நாவில் வழங்கும் சொற்களைத் திரட்டினோம். பாவு, ஊடை, நாடா, தார், விழுது, மிதி, படமரம் எனத் தொடங்கிச் சிறு அகராதியாக வளர்ந்தது. தறியிலே இழைகளை வரிசை பிறழாமல் நிறுத்தி, ஊடையை அடித்து நெருக்கும் உறுப்புக்கு ‘அச்சு’ என்று பெயர். எழுத்தை வரிசை பிறழாமல் நிறுத்தித் தாளில் பதிப்பதும் அச்சுத்தான். முதல் அச்சைப் பற்றி எழுதி முடித்தோம். இரண்டாம் அச்சுக்குக் கையில் காசில்லை. கடைசி இயல், கூலி பற்றிய சொற்கள்: முன்பணம், பிடித்தம், பாக்கி. அந்த இயல்தான் திண்ணைக்காரருக்குக் கசந்தது.

விடை சொல்ல ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில், முதல் நூலைத் தூக்கிக்கொண்டு நமக்கு முன்னே இந்நாட்டில் அலைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று புரட்டிப் பார்த்தோம். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இன்று வெளியீட்டு விழா என்கிறோம். அன்று அரங்கேற்றம் என்றனர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையத்திலே, அதங்கோட்டு ஆசான் கேட்க அரங்கேறியது என்று அந்நூலின் பாயிரம் கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் அந்த வழக்கம் மாறவில்லை. 1876-இல் மறைந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர் ஊராகத் தலபுராணங்கள் பாடினார். கோயிலிலோ மடத்திலோ அவை கூடும், நாள்தோறும் சில பாடல்கள் படிக்கப்படும், பொருள் விரிக்கப்படும், ஐயம் எழுப்புவோர் எழுப்புவர், முடிவில் சால்வை, பரிசில், ஊர்வலம். புலவர்கள் சிறப்புப்பாயிரம் வழங்குவர்.

அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது, மறுப்பதற்கில்லை. நூலைக் கேட்ட பின்னரே பாராட்டினர்! இன்றைய மேடையில் அட்டையைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பொழியும் பெருமக்களை நினைத்தால், அதங்கோட்டு ஆசானைத் தேடிப்போய் வணங்கத் தோன்றுகிறது. ஆயினும் அந்த அவையிலே யார் இருந்தார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் கேட்க வேண்டுமன்றோ? உழுதவன் இல்லை, நெய்தவன் இல்லை, பெண் இல்லை. நூலின் வாழ்வைத் தீர்மானித்தது படித்தவர் தலையசைப்பு. புலவனின் வயிற்றைத் தீர்மானித்தது கொடுத்தவர் கையசைப்பு. விலை என்ற ஒன்றே அங்கு இல்லை. விலை இல்லாத இடத்தில் வாங்குவோன் எங்கிருந்து வருவான்?

1835-இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் அச்சகங்களுக்கிருந்த கட்டைத் தளர்த்தியபின், இந்நாட்டார் தாமே அச்சுக்கூடம் நடத்த வழி பிறந்தது. ஏடு தாளாயிற்று. ஆனால் தாளுக்கு முன்பணம் வேண்டுமே! அதற்குப் பிறந்த ஏற்பாடே ‘கையொப்பம்’. நூல் வருமுன்பே அறிக்கை விடுவது. வாங்க விரும்புவோரிடம் கையொப்பம் பெறுவது. சிலரிடம் பணத்தையும் முன்னரே பெறுவது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ.வே. சாமிநாத அய்யர், 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது இவ்வாறு கையொப்பம் திரட்டித்தான் அச்சுக் கூலிக்கு ஈடுகட்டினார். காப்பியத்தைக் கரையானிடமிருந்து மீட்டது ஒரு போர். அதைக் கடன்காரரிடமிருந்து மீட்டது மற்றொரு போர். முதற் போரை எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவதைப் பள்ளிக்கூடத்திலே எவரும் சொல்லித் தருவதில்லை, நாம் உட்பட.

கையொப்பம் எல்லோர்க்கும் கைகொடுக்கவில்லை. இங்கேதான் நம் கரிசல் சீமை கதைக்குள் வருகிறது.

சென்னையில் பச்சையப்பன் பள்ளியிலே தமிழாசிரியராக இருந்தார் ஆ. சிங்காரவேலு முதலியார். புராணங்களிலும் இலக்கியங்களிலும் வரும் பெயர்களையெல்லாம் அகர வரிசையில் தொகுத்து, அவற்றோடு சமயம், சோதிடம், மருத்துவம், மன்னர் வரலாறு எனக் கிடைத்தவை யாவும் சேர்த்து, ஒரு கலைக்களஞ்சியம் உருவாக்கினார். தனி ஒருவர் உழைப்பு. துணைக்குக் குழுவில்லை, கொடைக்கு அரசில்லை, பள்ளிச் சம்பளம் ஒன்றே துணை. எழுதி முடித்தார். அச்சிட வேண்டுமே! உதவி கேட்டு அறிக்கை விடுத்தார். செல்வர்களை நாடினார். பாராட்டினார்கள். பாராட்டுக்குத் தாள் வாங்க முடியுமா? கையெழுத்துப் படி பெட்டியிலேயே கிடந்தது.

அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் எங்கிருந்தவர் தெரியுமா? பாலவநத்தம்! அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் செல்லும் சாலையில் நாம் நாளும் பேருந்தில் கடக்கும் அதே பாலவநத்தம். அதன் குறுநிலத் தலைவர் பாண்டித்துரைத் தேவர், 1901-இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் கண்டவர். அவர் முன்வந்தார். மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் வழியே 1910-இல் ‘அபிதான சிந்தாமணி’ ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களோடு வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1911-இல், தேவர் மறைந்தார். ஓராண்டு தாழ்த்திருந்தால் அந்தப் பெட்டியின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தமிழின் முதற் பெருங்களஞ்சியம் ஒரு மனிதரின் ஆயுளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இடையில் ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்வோம். அந்நூலில் நிறைந்திருப்பவை புராணக் கதைகள். ஆனால் அவற்றை ஒளிக்காமல், மெழுகாமல், உள்ளபடி தொகுத்து வைத்தார் ஆசிரியர். அறுபது ஆண்டுகளின் பிறப்பைப் பற்றி நாரதரை வைத்துச் சொல்லப்படும் அந்தக் கதை இருக்கிறதே, தமிழ்ப் புத்தாண்டு பற்றிய வாதம் எழும்போதெல்லாம் நம் பேச்சாளர்கள் மேடையில் எடுத்துக் காட்டுவது எந்த நூலை? அபிதான சிந்தாமணியைத்தான்! பக்தர்க்கென்று தொகுத்த நூல் பகுத்தறிவாளர்க்குப் படைக்கலமாயிற்று. நூலை வெளியிட்டவர்க்கு அது யார் கைக்குப் போகும் என்பது தெரியவே தெரியாது.

பாலவநத்தத்தாரைப் பற்றி மற்றொரு செய்தியும் தமிழ்நாட்டில் வழங்குகிறது. சுகாத்தியர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட ஸ்காட் என்னும் வெள்ளையர், குறளில் எதுகை மோனை சரியில்லை என்று கருதி, தாமே திருத்தி அச்சிட்டாராம். அதைக் கண்டு கொதித்த தேவர், இருந்த படிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கித் தீயிலிட்டார் என்பது செய்தி. குறளுக்குத் திருத்தம் எழுதிய துணிவை நாமும் மெச்சவில்லை. ஆயினும் இந்த வாரம் அந்தக் கதை நமக்கு வேறு விதமாகக் கேட்டது. ஓர் ஆசிரியரின் நூலை உலகுக்கு அளித்த கையும், மற்றோர் ஆசிரியரின் நூலை நெருப்புக்கு அளித்த கையும் ஒரே கை! வள்ளல் ஒருவரே மொத்தப் படிகளையும் வாங்கும்போது, அவை மக்களிடம் போகின்றனவா, அடுப்புக்குப் போகின்றனவா என்பது நூலாசிரியன் கையில் இல்லை.

எரிப்பைப் பற்றிக் குறைகூற நமக்குத் தகுதி உண்டா என்று வாசகர் கேட்கலாம். நியாயம். 1943-இல், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்கத்தான் வேண்டும் என்று அண்ணா வாதாடினார், ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர் வழக்காடினர். அந்த வாதங்கள் ‘தீ பரவட்டும்’ என்று நூலாக வந்தன. எரிக்கச் சொன்ன பேச்சும், கூடாதென்ற பேச்சும் ஒரே அட்டைக்குள் விற்றன! எரித்ததால் வளர்ந்ததைவிட வாதித்து விற்றதால் இயக்கம் வளர்ந்தது என்பது நம் கருத்து. மாறுபடுவோர் எழுதட்டும்.

அவைக்கும் வள்ளலுக்கும் வெளியே, மூன்றாவதாக ஒரு பாதை முன்னரே இருந்தது. படித்தவர்கள் அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற சிறு நூல்களைத்தான் சொல்கிறோம். மட்டத் தாள், மங்கிய எழுத்து, எட்டோ பதினாறோ பக்கம். வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து. கொலை நடந்தால் கொலைச் சிந்து. ரயில் கவிழ்ந்தால் அதற்கொரு கும்மி. விற்பவரே தெருமுனையில் நின்று பாடுவார். கேட்டவர் காலணாவோ அரையணாவோ கொடுத்து வாங்கிச் செல்வார். சிறப்புப்பாயிரம் இல்லை, சால்வை இல்லை. பிடித்தால் வாங்கினர், பிடிக்காவிட்டால் நடந்தனர். எழுத்தறியாதவரும் வாங்கிச் சென்று, அறிந்தவரிடம் கொடுத்துப் படிக்கக் கேட்டனர். இலக்கியத் தரத்தை அங்கே தேடவேண்டாம். ஆனால் நூலுக்கும் மக்களுக்கும் இடையே எவரும் குறுக்கே நிற்கவில்லை.

பாரதியார் இரண்டு பாதைகளையும் அறிந்திருந்தார். 1907-இல், அரசியலில் அவருக்கு எதிர் முகாமில் இருந்த வி. கிருஷ்ணசாமி அய்யர், அவர் பாடல்களைக் கேட்டு மகிழ்ந்து, 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். முதல் நூல் எழுதும் இளைஞன் கனவிலும் காணாத எண்ணிக்கை! ஆனால் இலவசமாகப் பெற்ற பதினையாயிரம் பேரில், அடுத்த நூலை விலை கொடுத்து வாங்க வந்தவர் எத்தனை பேர்? பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின் அவர் நிலையைப் பார்த்தால் விடை விளங்கும். 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள், ஆக நான்கு லட்சம் படிகள் அச்சிடுவது. தொடக்கச் செலவுக்கு ரூ. 20,000 கடன் கேட்பது. வட்டியோடு திருப்பித் தருவது. ஆதாயம் ஒன்றரை லட்சம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீடுதோறும் போவதுபோல் தம் நூல்கள் போகும் என்று நம்பினார்.

சிரிப்பவர் சிரிக்கலாம். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கும் கை எங்கே இருக்கிறது என்பதை அவர் சரியாகக் கண்டார். தீப்பெட்டி வாங்குபவனிடம் கொண்டுபோ என்றார். இதே வட்டாரத்தின் சிவகாசிக்கு, 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து தீப்பெட்டித் தொழிலைக் கொணர்ந்தனர்; தீப்பெட்டிக்குச் சீட்டு அச்சிடப் போய் அச்சுத்தொழிலும் அங்கே வேரூன்றியது. பாரதியாரின் உவமை அவர் இறந்தபின் இரண்டே ஆண்டில் நம் பக்கத்து ஊரிலே கூடி வாழத் தொடங்கிற்று! ஆனால் அவர் கேட்ட இருபதாயிரம் வரவில்லை. 1921 செப்டம்பரில் மறைந்தார்.

இதோடு மற்றொரு தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1946 சூலை 29-ஆம் நாள், சென்னையில் பாரதிதாசனுக்கு ரூ. 25,000 பொற்கிழி அளிக்கப்பட்டது. அண்ணா முன்னின்று நடத்திய விழா. ஆசானுக்குக் கடனாகக்கூடக் கிடைக்காத தொகை, இருபத்தாறு ஆண்டுக்குப் பின் மாணவருக்குப் பரிசாகவே கிடைத்தது. மாணவர் ஆசானைவிடச் சிறந்த கவிஞர் என்பதாலா? அப்படிச் சொன்னால் பாரதிதாசனே நம்மை அடித்திருப்பார்! இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டில், நூல் வாங்கும் ஒரு கூட்டம் உருவாக்கப்பட்டிருந்தது. அதுதான் காரணம்.

எப்படி உருவாயிற்று? 1925-இல் ஈரோட்டில் ‘குடி அரசு’ தோன்றியது. பின்னர் அங்கிருந்து பகுத்தறிவு நூற்பதிப்புக் கழகத்தின் சிறு வெளியீடுகள் வந்தன. ஜீவா மொழிபெயர்த்த பகத்சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ அவற்றுள் ஒன்று; அதற்காக அவர் சிறை புகுந்தார். மாநாட்டுப் பந்தலின் வாயிலில் நூற்கடை. பேச்சு முடிந்ததும், பேசிய பொருள் ஓரணா நூலாகக் கையில் கிடைக்கும். ஊருக்கு ஊர் படிப்பகம். முடிதிருத்தும் நிலையத்தில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பர். கற்றார் அவையிலிருந்து இயக்கம் இதைக் கற்கவில்லை. குஜிலித் தெருவில் விற்றவன் கற்பித்த பாடம் இது. பாடுபொருள் மட்டும் மாறிற்று. 1938-இல் ‘பாரதிதாசன் கவிதைகள்’ முதல் தொகுதியை, குத்தூசி குருசாமியும் குஞ்சிதம் குருசாமியும் பாடுபட்டுக் கொண்டுவந்தபோது, அதை வாங்கக் காத்திருந்தவர்கள் இப்படி உருவானவர்களே. அவர்கள் முன்பே பத்திரிகைகளில் அப்பாடல்களைப் படித்துவிட்டார்கள்; மேடைகளில் கேட்டுவிட்டார்கள். நூல் வெளிவருமுன்பே வெளியீடு முடிந்திருந்தது!

1948-இல் சென்னை மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுதான் முதல் முயற்சி எனலாம், அதனால் ஏழையும் நூலைத் தொட்டான், வாழ்க அச்சட்டம். ஆனால் நாளடைவில் ஒரு பக்க விளைவும் ஏற்பட்டது. நூலக ஆணையை மட்டும் நம்பி அச்சிடும் வழக்கம் பரவியது. வாசகன் ஒருவன்கூடக் காசு கொடுக்காமலேயே பதிப்பு தீர்ந்துபோகும் விந்தை! பாலவநத்தத்தின் இடத்தில் அரசு அலமாரி வந்து அமர்ந்தது. 1977 முதல் சென்னையில் நடைபெறும் புத்தகக் கண்காட்சியும், 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாக்களும் வாசகனை மீண்டும் கடைமுன் நிறுத்தியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் ஒரே ஒரு நூலை வைத்துக்கொண்டு அங்கே கடை விரிக்க முடியுமா? நாம் அறிந்த விற்பனையாளர் ஒருவர் நம் கையெழுத்துப் படியைப் புரட்டாமலே சொன்னார்: “முதல்லே முகநூலிலே ஆயிரம் பேரைச் சேருங்க, அப்புறம் புத்தகம் போடலாம்.” வருத்தமாகத்தான் இருந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தால், முரட்டுத்தனமாய்ச் சொன்னாலும் ஈரோடு செய்ததைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

வாரம் முடிந்தது. திண்ணைக்குச் சென்றோம். “கூலி இயலை எடுக்க மனமில்லை, ஐயா, மன்னிக்க வேண்டும்” என்றோம். அவர் சினக்கவில்லை. “நீ சின்னப் பையன், தம்பி. வீட்டிலே கட்டிவைத்துக் கரையானுக்குக் கொடுப்பாய்” என்றார். அதற்கு அப்போது நம்மிடம் மறுமொழி இல்லை.

சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், தோழர்கள் இருவர் கொடுத்ததும் சேர்த்து, முன்னூறு படிகள் அச்சிட்டோம். விழா எடுக்கவில்லை. பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து, விடிகாலையில், தெருவிலே பாவு விரித்துக் கஞ்சி ஏற்றும் இடத்துக்குக் கட்டை எடுத்துச் சென்றோம். விலை முப்பது ரூபாய். இரவல் மேசை ஒன்று, நாற்காலி இல்லை. கூலி இயலைத்தான் முதலில் உரக்கப் படித்தோம். தூரிகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ‘பிடித்தம்’ என்ற சொல்லுக்கு நாம் எழுதிய விளக்கத்தைக் கேட்டு ஒரு பெண் சிரித்தார்; “இன்னும் ரெண்டு வகை விட்டுப்போச்சு” என்று சொல்லி, இரண்டையும் சொன்னார். குறித்துக்கொண்டோம்.

முதியவர் ஒருவர் நூலைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, படம் இருந்த பக்கத்தில் நின்றார்.

“எல்லாம் சரி, வாத்தியாரய்யா. நாடாவைத் தலைகீழாப் போட்டிருக்கீகளே!”

பார்த்தோம். ஆம், தலைகீழ்தான். நான்கு ஆண்டு பார்த்துப் பார்த்து எழுதிய நூலில், நாடா தலைகீழ்! சிங்காரவேலு முதலியாரும் முதற் பதிப்போடு ஓயவில்லை. திருத்தியும் சேர்த்தும் கொண்டேயிருந்து 1931-இல் மறைந்தார். அவர் மகன் 1934-இல் கொணர்ந்த இரண்டாம் பதிப்பு 1,600 பக்கத்தைத் தாண்டியது. அதை நினைத்துத் தேற்றிக்கொண்டோம்.

“தப்பான புத்தகத்துக்கு முப்பதா?” என்றார் முதியவர்.

“இருபத்தைந்து கொடுங்கள், பெரியவரே.”

“வேணாம். முப்பதே வச்சுக்கோங்க. அடுத்த தடவை நேரா வரைஞ்சு கொண்டாங்க” என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, நூலை மடியில் செருகிக்கொண்டு பாவுக்குத் திரும்பினார்.

அன்று காலை பதினேழு படிகள் விற்றன. ஒன்பது திருத்தங்கள் கிடைத்தன. அடுத்த ஞாயிறு அருப்புக்கோட்டையில் வேறொரு தெரு.